பாதிக் குளிசை

புளியங்கூடல் சிவக்கொழுந்துவின் குடும்பத்தில் நெஞ்சு வருத்தத்தால் யாரும் இறந்ததில்லை. எல்லோரும் வாய்வினால்தான் இறந்தார்கள்.

தகப்பனார் புகையிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவர். நெஞ்சைத் தடவியபடி வரம்பில் குந்தினார், பிறகு எழும்பவில்லை. வாய்வு. மூத்த தம்பி கொழும்பில் கந்தோருக்குப் போகிற வழியில் புகையிரத மேடையில் விழுந்தார். நேரம் தவறிச் சாப்பிட்ட கொழும்புச் சாப்பாட்டால் வாய்வு மேலே ஏறி அடைத்துவிட்டது என்று செத்தவீட்டுக்கு வந்த எல்லோருக்கும் சொல்லப்பட்டது. சின்னையா ஒருவர் தேர் இழுத்துவிட்டு வந்து தண்ணீர் கேட்டார். செம்பு வருவதற்கு முன்னமே போய்விட்டார். அதுவும் வாய்வுதான்.

இதைப் பொய் என்று அந்த வீட்டில் எவரும் எண்ணியதில்லை. நெஞ்சு வருத்தம் என்றால் அது இரத்தத்தில் ஓடுவது. தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போவது. அப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள், பெண் கொடுக்கவும் யோசிப்பார்கள். வாய்வு அப்படியானதல்ல. அது சாப்பாட்டால் வருவது, உள்ளியும் இஞ்சியும் தட்டிப் போட்டு ரசம் வைத்தால் இறங்கிப் போவது. ஒரு குடும்பம் நிமிர்ந்து நிற்பதற்கு எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். சிவக்கொழுந்துவுக்குத் தெரிந்திருந்தது.

அவர் இளம் வயதிலேயே தாலியை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். வந்தவர் மூலையில் குந்தியிருக்கவில்லை. தம்பிமாரைப் படிப்பித்தார், காணியைப் பார்த்தார், யார் வீட்டு நன்மை தீமைக்குப் போவது, யார் வீட்டுக்குப் போகாமல் விடுவது என்பதை அவரே தீர்மானித்தார். ஊரில் சிவக்கொழுந்தக்கா சொன்னால் அதற்கு மேல் கேள்வியில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதாம் ஆண்டில், தலை முழுவதும் நரைத்த பிறகும், நாரி வளையாமல்தான் நடந்தார்.

அந்த ஆவணியில் அவருடைய கடைசித் தம்பி பரமலிங்கத்தின் மகள் அம்பிகைக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை நயினாதீவுத் தம்பிராசரின் மகன், நில அளவைக் கந்தோரில் உத்தியோகம். பேச்சுக்கால் நடந்த அன்று தம்பிராசர் வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"குறை நினையாதேங்கோ அக்கா. பிள்ளையின்ரை பெரியப்பா கொழும்பிலை சடுதியாய் மோசம் போனவர் எல்லே. அது என்ன மாதிரி?"

"வாய்வு," என்றார் சிவக்கொழுந்து. "எங்கடை ஆக்களுக்கு வாய்வுடம்பு."

தம்பிராசர் அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினார். "உங்கடை வாய் சொன்னால் காணும். வேறை ஆரிட்டைக் கேக்கப் போறன்?"

கேள்வி அத்தோடு முடிந்தது. தாலி செய்யும் பொன்னுருக்குக்கு நாள் வைத்தார்கள்.

பொன்னுருக்குக்கு இன்னும் சில நாட்கள் இருக்க, ஒரு காலையில் பரமலிங்கம் கல்யாண வீட்டுக்காக வேலி அடைத்துக்கொண்டு நின்றார். கூலிக்காரர் இருந்தார்கள், ஆனாலும் தென்னோலைக் கிடுகை இழுத்துக் கட்டுவதில் அவருக்கு மற்றவர்களின் கை பிடிக்காது. வெயில் ஏறும் நேரம் வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்தார். சேட்டு உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் சாம்பல் பூசியது போல் கிடந்தது.

"என்ன செய்யுது?" என்று கேட்டாள் மனைவி அன்னபூரணம்.

"ஒண்டுமில்லை. இஞ்சை ஒரு பாரம். ஆரோ ஏறி இருக்கிற மாதிரி."

சிவக்கொழுந்து குசினிக்குள் போய் இஞ்சியைத் தட்டினார். கசாயம் கொதித்து ஆறி வந்தது. பரமலிங்கம் இரண்டு மிடறு குடித்துவிட்டு அதை அப்படியே சத்தி எடுத்தார். இடது கையைப் பிசைந்தார். தாடையும் நோகிறது என்றார்.

அன்னபூரணம் ஒருபோதும் மைத்துனிக்கு எதிர்த்துப் பேசாதவள். அன்று பேசினாள்.

"மச்சாள், கசாயம் காணும். காரைக் கூப்பிடுங்கோ."

அம்பிகைக்குத் துணையாக அன்னபூரணத்தை வீட்டில் விட்டு, வாடகைக் காரின் பின்சீற்றில் தம்பியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு சிவக்கொழுந்து அவர் காதுக்குள் சொன்னார்: "கேட்டால் வாய்வு எண்டு சொல்லும். விளங்குதோ? பிள்ளையின்ரை காரியம்."

"ஓம் அக்கா," என்றார் பரமலிங்கம். நாற்பது வருஷமாக அவர் அக்காவுக்குச் சொல்லிவந்த மறுமொழி அது.

தீவுப்பகுதி ஆஸ்பத்திரியில் அன்று இருந்தது ஒரேயொரு டொக்டர். மேரிஜோசப்பின் என்று பெயர். ஊர்காவற்றுறைக் கடற்கரையில் வலை வைத்திருக்கும் யாக்கோப்பின் மகள். யாழ்ப்பாணத்திலேயே வைத்தியம் படித்து முடித்தவள். சிவக்கொழுந்துவுக்கு யாக்கோப்பைத் தெரியும், யாக்கோப்பின் தகப்பனையும் தெரியும். அந்தப் பெண்ணை 'டொக்டர்' என்று கூப்பிட அவருக்கு நா வரவில்லை. 'பிள்ளை' என்று கூப்பிட்டார். அதில் அன்பும் இருந்தது, தள்ளி நிற்கச் சொல்லும் அளவும் இருந்தது.

டொக்டர் நாடி பார்த்தாள், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள், நாக்குக்குக் கீழே ஒரு குளிசை வைத்தாள், நோவுக்கு ஊசி போட்டாள். எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது என்று கேட்டாள்.

"வாய்வு டொக்டர்," என்றார் பரமலிங்கம், மூச்சு வாங்கிக்கொண்டு. "எனக்கு எப்பவும் இருக்கிறதுதான்."

நெஞ்சுத்துடிப்பைக் கீறிக் காட்டும் மெஷின் அங்கே இருந்தது. அதற்குரிய கடதாசிச் சுருள் முடிந்து மாதக்கணக்காகியும் புதியது வரவில்லை. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பலாமென்றால் பண்ணைப் பாலத்தடியில் ஆமி பாதையை மறித்துவிட்டது. எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆக, நோயாளியின் வாய் சொல்வதையும் உறவுக்காரரின் வாய் சொல்வதையும் வைத்துத்தான் அந்தப் பெண் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

பரமலிங்கத்தைக் கிடத்திய கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் தொய்வுக்காரர் ஒருவர் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தார். அவர் அருகே விசிறியோடு இருந்த பெண் எழும்பி வந்தாள்.

"ஐயோ, சிவக்கொழுந்தக்கா எல்லே! என்ன நடந்தது பரமலிங்கண்ணைக்கு?"

சிவக்கொழுந்து திரும்பிப் பார்த்தார். இலட்சுமிப்பிள்ளை. நயினாதீவில் பிறந்து நாரந்தனையில் வாழ்க்கைப்பட்டவள். தம்பிராசரின் சொந்தத் தங்கை; மாப்பிள்ளைக்கு மாமி.

"வாய்வு," என்றார் சிவக்கொழுந்து. "வேலி அடைக்கப் போய்ச் சாப்பாடு பிந்திப் போச்சு."

"அதுதானே பாத்தன். கல்யாண வீட்டு அலைச்சல்," என்று சொல்லி, இலட்சுமிப்பிள்ளை தன் விசிறியால் பரமலிங்கத்துக்கும் வீசினாள். நல்ல மனுசிதான். அதுதான் இன்னும் கரைச்சலாக இருந்தது.

டொக்டர் சிவக்கொழுந்துவை விறாந்தைக்கு வரச் சொன்னாள்.

"அம்மா, இது வாய்வு எண்டு எனக்குத் தெரியேல்லை. மாரடைப்பு எண்டுதான் நினைக்கிறன். உங்கடை ஆக்களிலை ஆருக்கும் நெஞ்சு வருத்தம் வந்ததோ?"

"எங்கடை ஆக்களிலையோ? இல்லை."

"அவருக்கு முந்தி வயித்துப் புண், வயித்தெரிவு ஏதும்?"

வாய்வுக்கு வயிற்றுப் புண் பக்கத்து வீடு மாதிரி. சிவக்கொழுந்து யோசிக்கவில்லை. "ஓம், வயித்துப் புண்ணும் இருக்கு," என்றார். சொல் தானாக வந்து விழுந்தது.

டொக்டரின் முகம் மாறியது. கையில் வைத்திருந்த சின்ன வெள்ளித்தாள் பட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டாள்.

"அப்ப இதைக் குடுக்கப் பயமாய் இருக்கு."

"என்ன அது?"

"டிஸ்பிரின்."

சிவக்கொழுந்துவுக்குத் தான் சரியாகக் கேட்டோமா என்று சந்தேகமாக இருந்தது. "தலையிடிக்குப் போடுற குளிசையோ? சந்திக் கடையிலை விக்கிறதோ?"

"அதுதான். அதிலை பாதி."

"பாதியோ!"

கொழும்பில் ஒரு சம்பந்தி வீட்டாருக்கு நெஞ்சு நோ வந்தபோது எத்தனை விதமான மருந்து, எத்தனை பெரிய டொக்டர்மார் என்று சிவக்கொழுந்து கேள்விப்பட்டிருந்தார். புளியங்கூடல் பரமலிங்கத்துக்குத் தலையிடிக் குளிசை. அதுவும் முழுசாய்க் கொடுக்க மனமில்லாமல் பாதி. "பிள்ளை, நீர் எங்களை ஆரெண்டு நினைச்சீர்?" என்று கேட்டார்.

டொக்டர் கோபிக்கவில்லை. களைத்துப் போயிருந்தாள். "நெஞ்சுக்கு இரத்தம் கொண்டு போற குழாயிலை இரத்தம் கட்டிபட்டு அடைச்சிருக்கு, அம்மா. இந்தக் குளிசை அந்தக் கட்டி பெருக்காமல் தடுக்கும். இங்கிலாந்திலையும் வேறை நாடுகளிலையும் ஆயிரக்கணக்கான மாரடைப்புக்காரருக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த உடனை குடுத்துப் பாத்திருக்கினம். போன வருசம்தான் அந்த முடிவு வெளியிலை வந்தது. பாதிப் பேருக்கு இந்தக் குளிசை. மற்றப் பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெறுங்குளிசை, மருந்தில்லாதது. ஆருக்கு எது எண்டு குடுத்த டொக்டர்மாருக்கே தெரியாது."

"அப்ப குடிச்சவை எல்லாரும் தப்பினவையோ?"

"இல்லை. மாரடைப்பு வந்த நூறு பேரை எடுத்தால், ஒரு மாதத்துக்குள்ளை பத்துப் பன்ரண்டு பேர் மோசம் போயிடுவினம். இதைக் குடுத்தால் அதிலை ரண்டு மூண்டு பேர் மிஞ்சுவினம்."

"ரண்டு மூண்டு பேர்," என்றார் சிவக்கொழுந்து.

"வேறை ஒண்டும் இஞ்சை இல்லை, அம்மா. இருக்கிறது இதுதான். ஆனால் வயித்துப் புண் இருக்கிற ஆளுக்குக் குடுத்தால் உள்ளுக்கை இரத்தம் பெருகக் கூடும். பாதையும் பூட்டு. புண்ணிலை இரத்தம் வெளிக்கிட்டால் நான் என்ன செய்யிறது? அதுதான் உங்களைத் திருப்பிக் கேக்கிறன். மெய்யாய் அவருக்கு வயித்துப் புண் இருக்கோ? உங்கடை ஐயா என்னத்தாலை மோசம் போனவர்?"

விறாந்தைக்கு அப்பால் வேப்பமரத்தின் கீழ் கார்க்காரன் பீடி புகைத்துக்கொண்டு நின்றான். சிவக்கொழுந்து அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் முகம் அவருக்குத் தெரியவில்லை. புகையிலைத் தோட்டத்தில் வரம்போரம் ஒரு பக்கம் சரிந்து கிடந்த ஐயாவின் முகம்தான் தெரிந்தது. அப்போது ஐயாவுக்கு, இப்போது பரமலிங்கத்துக்கு இருக்கிற வயதுகூட வரவில்லை.

"புண் இல்லை," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. டொக்டரின் பக்கம் திரும்பி இன்னொரு தரம் சொன்னார். "வயித்துப் புண் ஒண்டும் இல்லை. ஐயாவும் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டுதான் போனவர். கொழும்பிலை இருந்த தம்பியும் அப்பிடித்தான். சின்னையாவும்." பிறகு உடனேயே, "இதை உமக்கு மட்டும் சொன்னனான், பிள்ளை," என்றார்.

"காணும் அம்மா. எனக்கு அது காணும்."

இதோடு முடிந்துவிட்டது என்றுதான் சிவக்கொழுந்து நினைத்தார். சொல்ல வேண்டியவளுக்குச் சொல்லியாயிற்று. வெளியில் எவருக்கும் தெரிய வேண்டியதில்லை. மாரடைப்புக்குக் கொடுப்பது தலையிடிக் குளிசையாக இருந்ததும் ஒருவகையில் வசதிதான் என்றுகூட நடந்து வரும்போது ஓர் எண்ணம் ஓடியது. என்ன மருந்து கொடுத்தார்கள் என்று இலட்சுமிப்பிள்ளை கேட்டால், டிஸ்பிரின் என்று சொல்லிவிடலாம். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஆனால் அக்கா சொல்லிக்கொடுத்ததைத் தம்பி அவ்வளவு லேசில் விடுகிறவர் அல்ல.

டொக்டர் குளிசையைக் கோட்டில் உடைத்து, பாதியைப் பரமலிங்கத்தின் உள்ளங்கையில் வைத்தாள். "சப்பி விழுங்குங்கோ."

"என்ன குளிசை?"

"டிஸ்பிரின்."

பரமலிங்கம் கண்ணைத் திறந்தார். டொக்டரைப் பார்த்தார், அடுத்த கட்டிலருகே விசிறிக்கொண்டிருந்த இலட்சுமிப்பிள்ளையைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். ஊசியின் மயக்கத்திலும் அவர் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டுதான் இருந்தார்.

"எனக்கு ஏலாது," என்றார். "எனக்கு வாய்வு. வயித்திலை புண். டிஸ்பிரின் எனக்கு ஒத்துக்கொள்ளாது."

"உங்களுக்குப் புண் இல்லையாம்," என்றாள் டொக்டர் மெதுவாக.

"ஆர் சொன்னது? எனக்குத் தெரியும் என்ரை வயிறு." மூச்சை இழுத்துக்கொண்டு, சத்தமாக, அடுத்த கட்டிலுக்கும் கேட்க வேண்டும் என்பது போல் சொன்னார். "எங்கடை ஐயாவுக்கும் வாய்வுதான். வாய்வுக்கு ஆரும் தலையிடிக் குளிசை போடுறவையோ?"

"மெய்தானே டொக்டர்," என்றாள் இலட்சுமிப்பிள்ளை நல்ல மனதோடு. "என்ரை இவருக்கும் ஒருக்கால் டிஸ்பிரின் போட்டு வயிறு எரிஞ்சு பட்ட பாடு! வாய்வுக்காரருக்கு உது கூடாது. ஒரு சோடா குடுத்துப் பாருங்கோவன்."

டொக்டர் சிவக்கொழுந்துவைத் திரும்பிப் பார்த்தாள். தனக்கு மட்டும் சொன்னதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். யாக்கோப்பின் மகளிடம் அந்த மரியாதை இருந்ததைச் சிவக்கொழுந்து அந்த நேரத்திலும் கண்டுகொண்டார்.

பரமலிங்கத்தின் விரல்கள் குளிசையின் மேல் மூடிக்கொண்டன. நெற்றியில் வேர்வை மணிமணியாக இருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. உயிர் போகிற நேரத்திலும் மகளுக்காக அக்கா கொடுத்த சொல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

இலட்சுமிப்பிள்ளையைக் கொஞ்சம் வெளியே போய் நில்லும் என்று சொல்லலாமா? அப்படிச் சொல்வதே எல்லாவற்றையும் சொன்ன மாதிரி. தம்பியின் காதுக்குள் குனிந்து சொல்லலாமா? காதுக்குள் சொன்னால் அவர் கேட்கமாட்டார். காருக்குள் காதுக்குள் சொன்னதைத்தானே இப்போது காப்பாற்றிக்கொண்டு கிடக்கிறார். அக்காவின் வாயால், எல்லோருக்கும் முன்னால், அந்தச் சொல் அவிழ்ந்தாலொழிய அவர் கை அவிழாது.

ரண்டு மூண்டு பேர், என்று சிவக்கொழுந்து ஒரு தரம் நினைத்தார். நூறில் இரண்டு மூன்று. அதற்காக ஒரு பெண் பிள்ளையின் கல்யாணம். யார் கேட்டாலும் பைத்தியக்கார வியாபாரம் என்பார்கள். அம்பிகையின் முகமும் நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளையிடம் கேட்டால் என்ன சொல்லும் என்பதைக் கேட்காமலே அறிந்தவர் அவர்.

கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று சொன்னார்.

"பரமலிங்கம், ஐயா வாய்விலை சாகேல்லை. நெஞ்சு வருத்தத்திலை செத்தவர். அண்ணனும் நெஞ்சு வருத்தத்திலைதான் செத்தவன். உனக்கும் அதுதான் வந்திருக்கு. நான்தான் வாய்வு எண்டு சொல்லச் சொன்னனான். இப்ப நான் சொல்லுறன். சப்பு."

தம்பியை அவர் பிறர் முன்னால் 'நீ' என்று பேசிப் பல காலம். விசிறி நின்றுவிட்டது. தொய்வுக்காரரின் இழுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

பரமலிங்கம் அக்காவைப் பார்த்தபடி கிடந்தார். கண்ணின் ஓரத்தால் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. "அக்கா, பிள்ளை..." என்றார்.

"பிள்ளைக்கு அப்பா வேணும். சப்பு."

அவர் சப்பினார். முகத்தைச் சுழித்துக்கொண்டு, புளித்ததை விழுங்கினார். வாய் காய்ந்து கிடந்தபடியால் அது தொண்டையில் நின்றது. தண்ணீர் எங்கே என்று டொக்டர் திரும்பிப் பார்க்க முன்னமே, இலட்சுமிப்பிள்ளை தன் கணவனின் சுடுதண்ணீர்ப் போத்தலிலிருந்து கிளாசில் வார்த்து நீட்டினாள். சிவக்கொழுந்துவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு தொய்வுக்காரர் வீட்டுக்குப் போகும்வரை ஒரே அறையில் இருந்தும் இருவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. சோற்றுப் பார்சலை மட்டும் பகிர்ந்து சாப்பிட்டார்கள்.

பரமலிங்கம் பிழைத்தார்.

ஒவ்வொரு காலையும் அந்தப் பாதிக் குளிசை வந்தது. முகத்தில் நிறம் திரும்பியது. கட்டிலில் எழும்பி இருந்து, வேலியின் மேற்குப் பக்கம் கிடுகு காணாது என்று அன்னபூரணத்தோடு சண்டை பிடிக்கும் அளவுக்கு வந்தார். வீட்டுக்கு விடுகிற அன்று சிவக்கொழுந்து டொக்டரின் அறைக்குப் போனார்.

"அந்தக் குளிசைதான் காப்பாத்தினது, என்ன?"

டொக்டர் பேனையைக் கீழே வைத்தாள். "சொல்ல ஏலாது அம்மா."

"ஏன் ஏலாது? நீர்தானே குடுத்தது?"

"அது இல்லாமலும் அவர் தப்பியிருக்கக் கூடும். கனபேர் தப்புவினம்தானே. அந்த ரண்டு மூண்டு பேரிலை இவரும் ஒராளோ எண்டு ஒருத்தராலையும் சொல்ல ஏலாது. எனக்கும் தெரியாது. ஒருக்காலும் தெரியவராது."

சிவக்கொழுந்து எதிரில் கிடந்த கதிரையில் இருந்தார். அவருக்கு இந்தக் கணக்கு புதிது. யார் வீட்டு நன்மைக்கு யார் வந்தார்கள், யார் செத்தவீட்டில் யார் தோள் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் மறவாமல் வைத்திருந்து, வந்தவருக்குப் போய், செய்தவருக்குச் செய்து நிமிர்ந்து நிற்பவர் அவர். யாரிடமும் கடமைப்பட்டு நின்றதில்லை. இப்போதோ கடமைப்பட்டிருக்கிறாரா இல்லையா என்பதே தெரியவில்லை.

"அந்த வெறுங்குளிசை குடிச்சவை," என்றார் கடைசியில். "அவையளிலையும் செத்தவை இருப்பினம்."

"ஓம். அவையளிலைதான் கூடப் பேர் செத்தவை."

"தங்களுக்குக் குடுத்தது வெறுங்குளிசை எண்டு தெரியாமலே."

"ஓம்."

பெயர் தெரியாத ஊர்களில், பெயர் தெரியாத கட்டில்களில், வெறும் மாவை மருந்தென்று விழுங்கிவிட்டுக் கிடந்தவர்கள். அவர்களுக்கும் அக்காமார் இருந்திருப்பார்கள். அவர்களின் செத்தவீட்டுக்குப் புளியங்கூடலிலிருந்து யாரும் போகவில்லை. இனிப் போகவும் முடியாது. சிவக்கொழுந்து எழும்பினார். வாசலில் நின்று, "வாறன் டொக்டர்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

காரில் பரமலிங்கம் வெளியே வேலிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "என்னைக் காப்பாத்திப் போட்டுப் பிள்ளையை விட்டிட்டியள் அக்கா," என்றார்.

"உம்மைக் காப்பாத்தினனோ எண்டு டொக்டருக்கே தெரியாதாம்," என்றார் சிவக்கொழுந்து. "பேசாமல் வாரும்."

இலட்சுமிப்பிள்ளை அண்ணனிடம் சொன்னாளா இல்லையா என்று அவர் விசாரிக்கவில்லை. சொல்லியிருந்தால் அது அவளுடைய கடமை. சொல்லாமல் விட்டிருந்தால், அவளுடைய பெருந்தன்மையின் மறைவில் ஒரு கல்யாணத்தை நடத்துவது அழகில்லை. தம்பிராசர் வாயை நம்பியவர். அந்த வாய்தான் போய்ச் சொல்ல வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை குறிகட்டுவானுக்கு பஸ் ஏறி, வள்ளத்தில் நயினாதீவுக்குப் போனார். அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் தம்பிராசர் வீட்டுப் படலையைத் திறந்தார்.

தம்பிராசர் எழும்பி நின்று வரவேற்றார். தேத்தண்ணி வந்தது. சிவக்கொழுந்து அதைத் தொடவில்லை.

"நீங்கள் அண்டைக்கு ஒண்டு கேட்டனீங்கள். நான் வாய்வு எண்டு சொன்னனான். அது வாய்வு இல்லை. நெஞ்சு வருத்தம். எங்கடை ஐயாவுக்கும் அதுதான். பரமலிங்கத்துக்கும் இப்ப அதுதான் வந்து சுகப்பட்டிருக்கு."

தம்பிராசர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"தங்கச்சி சொன்னவள்தான்," என்றார். "நான் கேள்விப்படாத மாதிரி இருந்திருப்பன் அக்கா. ஊர் சொன்னால் அது ஊர்க்கதை. ஒரு காதாலை விட்டு மற்றக் காதாலை எடுக்கலாம். நீங்கள் வந்து இருந்து சொல்லிப் போட்டியள். இனி நான் மறுமொழி சொல்லத்தானே வேணும்? ஏன் வந்தனீங்கள்?"

"உங்களிட்டைப் பொய் சொன்னது நான். வேறை ஆர் வாறது?"

"நான் வீட்டிலை கதைச்சுச் சொல்லுறன்."

"எதெண்டாலும் சொல்லுங்கோ. எங்களுக்குக் கோபம் வராது."

அப்போதுதான் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். ஆறிப் போயிருந்தது. முழுவதையும் குடித்து முடித்தார்.

பொன்னுருக்குக்கு வைத்திருந்த நாள் வந்து போயிற்று. அதற்குப் பிறகு கல்யாணத் தரகர் வந்தார். சால்வையைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, சாதகங்களை வேறொரு சாத்திரியாரிடம் திரும்பவும் பார்த்தார்களாம், பொருத்தம் கொஞ்சம் குறைவாய்க் கிடக்காம் என்றார். "அவைக்கு நல்ல மனவருத்தம்," என்றார்.

சிவக்கொழுந்து குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தை நோகடிக்காமல் விலகுவதற்கு எந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? அந்தச் சொல்லுக்கு உரிய மரியாதையைக் கொடுத்து, தரகருக்குச் சோறு போட்டு அனுப்பினார்.

அம்பிகை குசினியில் இருந்தாள். தகப்பனுக்குக் கொடுக்கக் குளிசையை உடைத்துக்கொண்டிருந்தாள். மற்றப் பாதியை வெள்ளித்தாளில் சுற்றி அடுத்த நாளுக்கு எடுத்து வைத்தாள். சிவக்கொழுந்து வாசற்படியில் நின்று தரகர் சொன்னதைச் சொன்னார், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல்.

"முந்தி இருந்த பொருத்தம் இப்ப குறைஞ்சு போச்சோ மாமி?" என்று சிரித்தாள் அம்பிகை. சிரிப்பு முழுவதாக வரவில்லை. பாதியில் கண்ணைத் துடைத்தாள்.

"சிரியாதை. மரியாதையாய்ச் சொல்லியிருக்கினம்."

"நான் அவையைக் குறை சொல்லேல்லை." அம்பிகை அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். "மாமி, எனக்கும் அது வருமோ? அப்பாவுக்கு வந்தது?"

இந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் இதுவரை கேட்டதில்லை. கேட்பதற்கான இடமே இருந்ததில்லை. பழைய காலமென்றால், உனக்கென்ன மோனை என்று தொடங்கி ஒரு மறுமொழி நாவில் தயாராக நின்றிருக்கும்.

"எனக்குத் தெரியாது," என்றார் சிவக்கொழுந்து. பலகைக் கட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு மருமகளுக்கு எதிரில் இருந்தார். "அப்பாவை மருந்துக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கை ரண்டு பேருமாய் டொக்டரைக் கேப்பம். நானும் என்னைக் காட்ட வேணும்."

"உங்களுக்கு என்ன?"

சிவக்கொழுந்து கையை எடுத்து நெஞ்சின் நடுவில் வைத்தார். "கிணத்தடியாலை வாளியோடை ஏறி வரேக்கை, இஞ்சை பிடிக்கிறது."

"எவ்வளவு காலமாய் மாமி?"

அவர் முதன்முறையாக, முதலில் எப்போது வந்தது என்பதிலிருந்து, ஒவ்வொன்றாய்ச் சொல்லத் தொடங்கினார்.